வீட்டில் செய்த ரிமோட் விமானம்: எந்தக் காகிதம் வேண்டும், எது வேண்டாம், எங்கே மாட்டிக்கொள்வீர்கள்

சென்ற ஆண்டு ஒரு மாலை, எனக்குத் தெரிந்த பாலிடெக்னிக் மாணவர் ஒருவர், தெர்மாகோல் பலகையை வெட்டி மூன்று வாரம் உழைத்துச் செய்த விமானத்தை ஊருக்கு வெளியே வறண்டு கிடந்த ஏரியில் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார். ரோந்து வந்த காவலர் வண்டியை நிறுத்தி, "டிரோன் லைசென்ஸ் எங்கே தம்பி?" என்று கேட்டார். "இது டிரோன் இல்லை சார், நானே செஞ்ச ஏரோப்ளேன்" என்று இவர் பதில் சொன்னார். விமானமும் ரிமோட்டும் பேட்டரியும் அன்றிரவே காவல் நிலையத்துக்குப் போயின.

அவர்கள் இருவரும் சொன்னது தவறு. காவலர் கேட்ட லைசென்ஸ் அந்த விமானத்துக்குத் தேவையே இல்லை. மாணவர் சொன்ன பதிலோ சட்டத்தின் முன் நிற்காது, ஏனென்றால் ஆள் ஏறாமல் தொலைவிலிருந்து இயக்கப்படும் எந்த வானூர்தியும் இந்திய விதிகளின்படி டிரோன்தான். நான்கு விசிறியா, இறக்கையா, கடையில் வாங்கியதா, வீட்டுத் திண்ணையில் ஒட்டியதா என்ற வேறுபாட்டை விதி பார்ப்பதில்லை. "டிரோன் இல்லை" என்ற அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி மாட்டிக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள்.

இப்போது நடைமுறையில் இருப்பவை 2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியான டிரோன் விதிகளும், 2022 முதல் அவற்றில் செய்யப்பட்ட திருத்தங்களும் ஆகும். அதற்கு முன்பிருந்த விதிகளில் 25 படிவங்கள் இருந்தன, இப்போது 5 மட்டுமே. வரலாறு இதற்கு மேல் உங்களுக்குத் தேவையில்லை. ஆனால் பழைய விதிகளை மனப்பாடமாகச் சொல்லும் அதிகாரிகளும், விமான நிலையத்திலிருந்து 45 கிலோமீட்டருக்குள் அனுமதி வேண்டும் என்று இன்னும் பயமுறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அந்த 45 கிலோமீட்டர் 2021இலேயே 12 ஆகக் குறைந்துவிட்டது.

முதலில் எடை. பேட்டரி உட்பட, பறக்கும் நிலையில் உள்ள மொத்த எடை 250 கிராம் வரை இருந்தால் நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, அதற்கும் மேல் 25 கிலோ வரை சிறிய வகை. பலரும் உடலை மட்டும் நிறுத்துப் பார்த்துவிட்டு "இருநூறு கிராம்தான்" என்று நிம்மதியடைகிறார்கள். அந்த மாணவரின் விமானத்தை மளிகைக்கடைத் தராசில் வைத்து நிறுத்தோம். ஒரு மீட்டர் இறக்கையும் உடலும் சேர்ந்து 260 கிராம் காட்டின. 2200 எம்ஏஎச் மூன்று செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, பிரஷ்லெஸ் மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி, இறக்கை, வால் மடல்களை அசைக்கும் நான்கு சர்வோ, ரிமோட்டின் சமிக்ஞையை வாங்கும் ரிசீவர், ஒயர், உருகிய பசை எல்லாம் ஏறியதும் தராசு 740 கிராமுக்குப் போய்விட்டது. கல்லூரிப் போட்டிகளுக்காகச் செய்யப்படும் விமானங்களில் பெரும்பாலானவை இப்படி மைக்ரோ வகைக்குள்தான் வருகின்றன. நிறுத்த எடையைப் படத்துடன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அது பின்னால் உதவும்.

மைக்ரோ வகைக்கு, வணிக நோக்கம் இல்லாதவரை, தொலை விமானி சான்றிதழ் வேண்டாம். நானோ வகைக்கு எந்த நோக்கமானாலும் வேண்டாம். காவல் நிலையத்தில் "டிரோன் லைசென்ஸ்" என்று கேட்பது இந்தச் சான்றிதழைத்தான். ஆனால் 2 கிலோவைத் தாண்டிய நொடியில், அது வெறும் பொழுதுபோக்காக இருந்தாலும், இந்தச் சான்றிதழ் கட்டாயமாகிறது: 18 வயது நிறைந்திருக்க வேண்டும், பத்தாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும், அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் பணம் கட்டிப் படித்துத் தேற வேண்டும். அப்படித் தேறினாலும் சான்றிதழில் எழுதப்பட்டுள்ள வகைக்கு மட்டுமே அது செல்லும் என்பதால், விசிறி டிரோனுக்குப் பயிற்சி பெற்றுவிட்டு இறக்கை விமானத்தை ஓட்டலாம் என்று எண்ணிப் பணத்தை இழக்காதீர்கள். பெட்ரோல் எஞ்சின் வைத்த பெரிய பால்சா விமானம் செய்ய ஆசைப்படும் இளைஞர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: முதல் சில ஆண்டுகள் 1.8 கிலோவுக்குள் நில்லுங்கள்.

அடுத்தது "மாடல்" என்ற சலுகை. 25 கிலோவுக்கு மிகாமல், கல்வி, ஆய்வு, வடிவமைப்பு, சோதனை, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கு மட்டும் பயன்பட்டு, கண்ணுக்கு எட்டும் தொலைவில் இயக்கப்படும் வானூர்தியை விதிகள் மாடல் என்று தனியாக வகைப்படுத்தி, அதற்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை என்கின்றன. இது பெரிய விடுதலை, ஏனென்றால் வகைச் சான்றிதழ் என்பது தொழிற்சாலைகள் ஆய்வகத்துக்கு அனுப்பிப் பெறுவது, தனிமனிதரால் ஆகக்கூடியதல்ல. ஆனால் இந்தச் சலுகையை இழப்பது மிக எளிது. உறவினர் திருமணத்தில் கேமராவைக் கட்டிப் பறக்கவிட்டு ஐந்நூறு ரூபாய் வாங்கினால் அது பொழுதுபோக்கு அல்ல. திரை உள்ள கண்ணாடி அணிந்து விமானக் கேமராவின் வீடியோவைப் பார்த்தபடி தொலைதூரம் அனுப்பினால் கண்ணுக்கு எட்டும் தொலைவு என்ற நிபந்தனை போய்விட்டது.

வகைச் சான்றிதழ் வேண்டாம் என்பதை "பதிவே வேண்டாம்" என்று புரிந்துகொள்வதுதான் மிக அதிகமானோர் விழும் குழி. மாடலானாலும் நானோவானாலும், தனித்த அடையாள எண் பெற்றுத்தான் பறக்கவிட வேண்டும். படிவம் டி-2, கட்டணம் 100 ரூபாய், எல்லாம் இணையவழி. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அந்த எண்ணை உற்பத்தியாளர் தந்த வரிசை எண்ணோடும், பறப்புக் கட்டுப்பாட்டுக் கருவியின் வரிசை எண்ணோடும், தரையிலிருந்து இயக்கும் ரிமோட்டின் வரிசை எண்ணோடும் இணைக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. தெர்மாகோல் விமானத்துக்கு உற்பத்தியாளர் யார்? பறப்புக் கட்டுப்பாட்டுக் கருவி எங்கே? அதில் இருப்பது ஒரு ரிசீவரும் நான்கு சர்வோவும்தான். கடையில் வாங்கிய பொருளை மனதில் வைத்து எழுதிய படிவத்தை, கையால் செய்தவர் நிரப்ப வேண்டியிருக்கிறது. இதைத் திருத்த ஒருவருக்கும் இதுவரை நேரம் கிடைக்கவில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

நான் மாணவர்களைச் செய்யச் சொல்வது இதுதான். உற்பத்தியாளர் நீங்களே. விமானத்துக்கு ஒரு வரிசை எண்ணை நீங்களே சூட்டி, அழியாத மையில் உடலின் அடிப்பகுதியில் எழுதுங்கள். ரிசீவரின் எண்ணையும் ரிமோட்டின் பின்புறம் ஒட்டியிருக்கும் எண்ணையும் படமெடுத்து வையுங்கள். மலிவான ரிசீவர் சிலவற்றில் எண்ணே இருக்காது, வாங்கும்போதே பாருங்கள். படிவம் ஏதாவது ஒரு கட்டத்தில் நின்றுவிட்டால், திரையைத் தேதியுடன் படமெடுத்து, விமானப் போக்குவரத்து தலைமை இயக்குநரகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, பதிலைக் கேளுங்கள். தொலைபேசியில் யாராவது "பரவாயில்லை, பறக்கவிடுங்கள்" என்று சொன்னால் அதற்கு எந்த மதிப்பும் கிடையாது, எழுத்தில் வாங்குங்கள். மின்னஞ்சல் அனுப்பிய சான்று உங்கள் நல்லெண்ணத்தைக் காட்டுமே தவிர, எண் வருவதற்கு முன் பறக்கும் உரிமையைத் தராது. எண் வந்த பிறகு விமானம் விழுந்து உடைந்து ரிமோட்டை மாற்ற நேர்ந்தால், பதிவிலும் அதை மாற்ற வேண்டும்.

காப்பீட்டைப் பற்றி யாருமே சொல்வதில்லை. நானோ தவிர மற்ற எல்லா வகைக்கும் மூன்றாம் நபர் காப்பீடு வேண்டும் என்றே விதி வைத்திருக்கிறது, இரு சக்கர வண்டிக்கு இருப்பதைப் போல. ஒரு மாணவருடன் நான் ஒரு காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனேன். முதல் மேசையில் "டிரோனா, அது மேலே கேளுங்கள்" என்றார்கள். மேலே போனால் "அடையாள எண் இருக்கிறதா?" என்றார்கள். எண் கிடைத்த பிறகு போனபோது "கம்பெனி பெயர், மாடல் எண் என்ன?" என்று கேட்டுவிட்டு, வீட்டில் செய்ததற்கு இங்கே வழியில்லை என்று கைவிரித்தார்கள். ஆகவே கிளை அலுவலகத்தில் நாளை வீணாக்காமல், டிரோன் காப்பீடு தருவதாகச் சொல்லும் நிறுவனங்களுக்கு, "சொந்தமாகச் செய்த மாடல் விமானம், மூன்றாம் நபர் பொறுப்பு மட்டும் போதும்" என்று முதல் வரியிலேயே எழுதிக் கேளுங்கள். மறுத்தாலும் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள்.

இனி இடம். மத்திய அரசின் டிரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் பச்சை மண்டலமாக இருக்கும் இடத்தில் தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடலாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அந்த உயரம் 200 அடியாகக் குறையும். மஞ்சள் மண்டலத்துக்கு வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதியும், சிவப்பு மண்டலத்துக்கு மத்திய அரசின் அனுமதியும் வேண்டும். நடைமுறையில் மாணவர் ஒருவருக்கு இவை கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள், வேறு மைதானம் தேடுங்கள். குரோம்பேட்டை, பல்லாவரம் மீனம்பாக்கத்தின் வாசலில் இருக்கின்றன, தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருக்கிறது. கோவையில் பீளமேட்டு விமான நிலையத்துக்கும் சூலூர்ப் படைத்தளத்துக்கும் இடையில் எத்தனை பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன என்பது அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். தஞ்சாவூர், அரக்கோணம், உச்சிப்புளி என்று நாம் மறந்துபோகும் தளங்களும் உண்டு.

நேற்றுப் பச்சையாக இருந்த இடம் இன்று சிவப்பாகலாம். காவல் கண்காணிப்பாளர் அல்லது அவருக்கு மேற்பட்ட நிலையில் உள்ள அதிகாரி, ஒரு பகுதியை 96 மணி நேரத்துக்கு மிகாமல் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். முக்கியப் பிரமுகர் வருகை, திருவிழா, தேர்தல் கூட்டம் போன்ற நாட்களில் மாநகரக் காவல் ஆணையர்கள் தனியாகத் தடையாணையும் போடுகிறார்கள், அது உள்ளூர்ச் செய்தியில் ஒரு பத்தியாக மட்டும் வரும். பறக்கவிடும் அன்று காலை வரைபடத்தைத் திறந்து, தேதியும் நேரமும் தெரியும்படி திரையைப் படமெடுத்து வைப்பதை வழக்கமாக்குங்கள். வரைபடம் பச்சை என்பதால் நிலம் உங்களுடையதாகிவிடாது. பள்ளி மைதானமோ தனியார் தரிசோ, உரிமையாளரிடம் இரண்டு வரி எழுதி வாங்குங்கள்.

கல்லூரியில் படிப்பவர்களுக்கு 42ஆம் விதி நல்ல வழி. அங்கீகரிக்கப்பட்ட கல்வி நிறுவனம் ஆய்வுக்காகவும் சோதனைக்காகவும் இயக்கும் வானூர்திக்கு வகைச் சான்றிதழும் வேண்டாம், அடையாள எண்ணும் வேண்டாம், விமானிச் சான்றிதழும் வேண்டாம். ஆனால் இடம் பச்சை மண்டலமாக இருக்க வேண்டும், அது நிறுவனத்தின் வளாகமாகவோ நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ள திறந்தவெளியாகவோ இருக்க வேண்டும். விடுமுறைக்கு ஊருக்கு எடுத்துப்போய் வயலில் பறக்கவிட்ட அந்த நிமிடமே இந்தச் சலுகை இல்லை. "காலேஜ் ப்ராஜெக்ட்" என்று வாயால் சொல்வது போதாது. நிறுவனத்தின் தாளில், விமானத்தின் விவரமும் மைதானமும் தேதியும் குறிப்பிட்டு, முதல்வர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். இதைக் கொடுக்கத் தயங்கும் நிர்வாகங்கள் பல, போட்டியில் பரிசு வாங்கினால் மட்டும் பதாகை கட்டுகின்றன.

வாங்கும் இடத்திலும் இரண்டு பொறிகள் உண்டு. 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு டிரோன்களை முழுதாகவோ பிரித்த நிலையிலோ இறக்குமதி செய்வது தடை செய்யப்பட்டுள்ளது. "பெட்டியைப் பிரித்ததும் பறக்கும்" என்ற வெளிநாட்டு நுரை விமானங்களும் கிட்டுகளும் இதனால் சுங்கத்தில் நின்றுவிடும், கட்டிய பணம் திரும்பாது. உதிரிப் பாகங்களுக்கு இந்தத் தடை இல்லை, மோட்டாரையும் சர்வோவையும் தனித்தனியாக வாங்கி நீங்களே செய்யுங்கள். ரிமோட்டைப் பொறுத்தவரை 2.4 கிகாஹெர்ட்ஸ் உரிமம் தேவையில்லாத அலைவரிசை. தொலைதூரம் போகும் என்று விற்கப்படும் 915 மெகாஹெர்ட்ஸ் கருவிகளை வாங்காதீர்கள், இங்கே அது உரிமமற்ற அலைவரிசை அல்ல.

விதியை மீறினால் அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை போகலாம். ஆனால் நான் பார்த்த பெரும்பாலான சங்கடங்கள் அபராதத்தில் முடிவதில்லை, பொருள் திரும்பி வராததில்தான் முடிகின்றன. ஆகவே காவலர் கேட்டால் வாதம் வேண்டாம். அடையாள எண், எடைப் படம், காப்பீடு, அன்றைய வரைபடம், நில உரிமையாளர் கடிதம், மைக்ரோ வகைக்கு விமானிச் சான்றிதழ் வேண்டாம் என்று சொல்லும் விதிப் பக்கம், இவற்றை அச்செடுத்து ஒரு கோப்பில் கொடுங்கள். அப்படியும் எடுத்துக்கொண்டால் கைப்பற்றல் மகஜரின், அதாவது எடுத்த பொருளைக் குறித்துக் காவலர் எழுதும் பதிவின், நகலைக் கேளுங்கள். காவல்துறை கைப்பற்றிய பொருளை நீதித்துறை நடுவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு சொல்கிறது, பொருளைத் திரும்பக் கேட்டு மனுப் போட 503ஆம் பிரிவு இருக்கிறது. மகஜர் இல்லையென்றால் பொருள் எடுக்கப்பட்டதற்கே சான்று இல்லை, "நாளைக்கு வா, நாளைக்கு வா" என்று வாரங்கள் ஓடும். அந்த மாணவருக்கு ஏழு வாரம் ஓடியது. திரும்பி வந்தபோது இறக்கை மடங்கியிருந்தது, வழக்கு வண்டிகளின் நடுவே வெயிலில் கிடந்த பேட்டரி அப்பளம்போல் உப்பியிருந்தது. லைப்போ பேட்டரி அப்படிக் கிடந்தால் தீப்பிடிக்கக்கூடும் என்பதை அங்கே யாரும் அறிந்திருக்கவில்லை. எனவே மகஜர் எழுதும்போதே, பேட்டரியைக் கழற்றித் தனியாக, நிழலில், மண்ணோ மணலோ நிரப்பிய சட்டியில் வைக்கச் சொல்லிக் கேட்டு, அதையும் ஒரு வரியாக எழுதச் செய்யுங்கள்.