தாடை வலிக்கு வயிற்றையும் விசாரியுங்கள்

தேனி மாவட்டத்துக் கம்பம் ஊரில் பொழுது விடிவதே ஜீப் சத்தத்தில்தான். ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் பெண்கள் கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறி, கேரளத்து வண்டன்மேட்டுப் பக்கம் போகிற நேரம் அது. அவர்களில் சிலர் மாதக்கணக்கான தாடை வலியோடு என் பல் கிளினிக்குக்கு வருவார்கள். வந்ததுமே, "டாக்டரம்மா, இந்தக் கடவாய்ப் பல்லைப் புடுங்கி விட்டுருங்க" என்பார்கள்.

அப்படி வந்த ஓர் அக்காவுக்கு ஏற்கெனவே வேறோர் இடத்தில் இரண்டு பல் எடுத்தாயிற்று. வலி போகவில்லை. எக்ஸ்ரேயில் சொத்தையும் இல்லை. கன்னத்துத் தசையை அழுத்தினதும் துடித்துப்போனார். மேல்பற்களின் உட்பக்கம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. வயிற்று அமிலம் மேலே ஏறி வந்தால் முதலில் அரிக்கிற இடங்களில் ஒன்று அது.

"நெஞ்சு கரிக்குமாக்கா?"

"அது எப்பவும் உள்ளதுதானே. வலி மாத்திரை போட்டா இன்னும் எரியும்."

விடியற்காலையில் வெறும் வயிற்றில் பால் சேர்க்காத கட்டஞ்சாயா, கூடவே வலி மாத்திரை. ராத்திரி சாப்பிட்ட கையோடு படுக்கை. தூக்கத்தில் அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறும்போது தாடைத் தசைகள் இறுகிப் பல்லைக் கடிப்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். ராத்திரியெல்லாம் கடித்தால் காலையில் தாடை வலிக்கும். அதற்கு வலி மாத்திரை போட்டால் வயிற்றுச் சுவர் புண்ணாகலாம், நெஞ்செரிச்சலும் கூடலாம். இப்படியே சுற்றிச் சுற்றி வரும். வயிறு உப்பி, பேதியும் மலச்சிக்கலும் மாறி மாறி வருகிறவர்களுக்கும் தாடை மூட்டு வலி கூடுதலாகக் காணப்படுகிறது. வலியை உணரும் நரம்புகள் அவர்களுக்குக் கூர்மையாகிவிடுவது ஒரு காரணம்.

எல்லாத் தாடை வலியும் வயிற்றால் வருவதில்லை. ஆனால் வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் பல்லைப் பிடுங்குவது எனக்குப் பெரிய வருத்தம். போன பல் திரும்ப முளைக்காது.

அந்த அக்காவை வயிற்று டாக்டரிடம் அனுப்பினேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 2, 3 மணி நேரம் இடைவெளி விடவும், கட்டிலின் தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளவும் சொன்னேன். கன்னத்துக்கு வெதுவெதுப்பான ஒத்தடம், தூங்கும்போது பல்லுக்கு உறை. புளித்த ஏப்பம் வந்தால் உடனே பல் துலக்காமல் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும்; அமிலத்தில் இளகின பல்லைத் தேய்த்தால் இன்னும் தேயும். அப்புறம், மாத்திரையைக் கடையில் தானாக வாங்கிப் போடக் கூடாது.

ஒன்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மேடு ஏறும்போது தாடை வலித்து, நின்றால் குறைகிறதா? வியர்வையோ மூச்சுத்திணறலோ சேர்ந்து வருகிறதா? அது இதயமாக இருக்கலாம். என்னிடம் வர வேண்டாம், நேராகப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.