இணைப்பின் வாலை எங்கே வெட்டுவது?

யூடியூபில் 'பகிர்' பொத்தானை அழுத்தி ஒரு காணொளியின் முகவரியை நகலெடுத்துப் பாருங்கள். கடைசியில் ஒரு கேள்விக்குறி, அதன்பின் 'எஸ்ஐ=' (si=) என்று தொடங்கும் எழுத்துக் குவியல். காணொளியின் அடையாளம் கேள்விக்குறிக்கு முன்னால் உள்ள 11 எழுத்துகள்தான். பின்னால் வருவது இந்தப் பகிர்வுக்கென்று ஒட்டப்பட்ட சீட்டு. அழித்துவிட்டு அனுப்பினாலும் காணொளி திறக்கும்.

அதற்காகக் கேள்விக்குறியைக் கண்ட இடத்திலெல்லாம் கத்தரியை எடுக்கக்கூடாது. கணினி உலாவியின் முகவரிப் பட்டையிலிருந்து நகலெடுத்தால் அதே 11 எழுத்துகள் கேள்விக்குறிக்குப் பின்னால் 'வி=' (v=) என்று வரும். அதை வெட்டினால் எந்தக் காணொளி என்பதே போய்விடும். 'டி=90' (t=90) என்று இருந்தால் 90ஆவது நொடியிலிருந்து தொடங்கு என்று பொருள்; அந்த இடத்தைக் காட்டத்தான் அனுப்புகிறீர்கள் என்றால் அதுவும் இருக்கட்டும்.

கேள்விக்குறிக்குப் பின்னால் வருபவை பெயர்=மதிப்பு என்ற இணைகள். முதல் இணைக்கு முன் ?, அடுத்தடுத்தவற்றுக்கு முன் &. நிறைய பேர் தவறுவது இங்கேதான்: முதல் இணையைக் கேள்விக்குறியோடு சேர்த்து அழித்துவிட்டு, மிச்சத்தை & குறியோடு விட்டுவிடுவார்கள். வழங்கி, அதாவது பக்கத்தை அனுப்பும் தளத்தின் கணினி, அதை முகவரியின் பகுதியாகவே படித்து, பக்கம் இல்லை என்று கைவிரித்துவிடும். மிஞ்சும் முதல் இணைக்கு முன்னால் கேள்விக்குறியை மறுபடி போட வேண்டும்.

'யூடிஎம்' (utm) என்று தொடங்குபவை, வாசகர் எந்த விளம்பரம், எந்த மின்னஞ்சல் வழியாக வந்தார் என்று எண்ணுவதற்கானவை. அர்ச்சின் என்ற நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்த எழுத்துகள் இவை. கூகுள் அதை 2005இல் வாங்கியது. 'எஃப்பிசிஎல்ஐடி' (fbclid) ஃபேஸ்புக் ஒட்டுவது. இவற்றைத் தயங்காமல் நீக்கலாம். அமேசானில் 'டிபி' (dp) என்பதற்கு அடுத்த 10 எழுத்தெண்களோடு நிறுத்திக்கொண்டால் போதும். கூகுள் டிரைவின் சில பழைய கோப்புகளில் வரும் 'ரிசோர்ஸ்கீ'யை (resourcekey) மட்டும் தொடாதீர்கள். அது சாவி, இல்லாவிட்டால் எதிரே இருப்பவர் அனுமதி கேட்டு நிற்பார்.

சந்தேகமா? வெட்டிய முகவரியை மறைநிலைச் சாளரத்தில் ஒட்டிப் பாருங்கள். வழக்கமான சாளரத்தில் உங்கள் கணக்கு திறந்திருக்கும். உங்களுக்குத் தெரிவது மற்றவருக்கும் தெரியும் என்று ஏமாந்துபோவீர்கள்.

தமிழ் முகவரிகளுக்கு வேறொரு தொல்லை. விக்கிப்பீடியாவின் தமிழ்ப் பக்க இணைப்பை நகலெடுத்தால் சதவீதக் குறிகள் வரிவரியாகக் கொட்டும். அது பிழையன்று. எழுத்துகளைக் கணினியில் பதியும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு சேர்த்து 3 எழுத்தாகிறது. 'தமிழ்' என்பதில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடுகள். ஆக 45 எழுத்து! பார்க்க அசிங்கம்தான், ஆனால் அப்படியே அனுப்புவதே பத்திரம். தமிழெழுத்தாக மாற்றி ஒட்டினால் சில செயலிகள் புள்ளியிலோ கொம்பிலோ இணைப்பு முடிந்துவிட்டதாக எண்ணிப் பாதியில் அறுத்துவிடும். முகவரியை ஒட்டி முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி வைப்பதையும் தவிருங்கள்.

வாட்ஸ்அப்பில் ஒட்டியவுடன் அனுப்பு பொத்தானைத் தட்டிவிட்டால் படமும் தலைப்பும் வராமல் வெறும் முகவரி மட்டும் போகும். அந்த முன்னோட்டத்தைத் தயாரிப்பது அனுப்புபவரின் கைபேசி. அது தளத்துக்குப் போய்ப் படத்தை எடுத்துவர ஓரிரு நொடி ஆகும். பெட்டிக்கு மேல் படம் தெரிந்தபின் அனுப்புங்கள். ஃபேஸ்புக்கில் வேலை வேறு: அதன் வழங்கியே ஒருமுறை எடுத்துச் சேமித்து வைக்கும். தளத்தில் படத்தை மாற்றிய பிறகும் பழையதே காட்டினால், தளத்தின் உரிமையாளர் ஃபேஸ்புக்கின் 'ஷேரிங் டீபக்கர்' கருவியில் முகவரியைக் கொடுத்து மறுபடி எடுக்கச் சொல்ல வேண்டும். புதுப் படம் 1200×630 பிக்சல் அளவில் இருந்தால் ஓரம் வெட்டுப்படாது.