போகாத ஊருக்கு வழி சொல்லும் மூளை

பெகுவிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "பிறந்தது, படித்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் பர்மாவில்தான். தமிழ்நாட்டு மண்ணை மிதித்ததில்லை. ஆனாலும் மாதத்தில் ஒரு தடவையாவது அங்கே குடியிருப்பதாகக் கனவு வருகிறது. பெரிய கோயில், அதைச் சுற்றித் தெரு, தெருவில் எங்கள் வீடு. இது நம்ம ஊர் என்று கனவில் யாரும் சொல்வதில்லை, எனக்கே தெரிகிறது. விழித்த பிறகு அரை நாள் மனசு கனத்துக் கிடக்கும். பூர்வ ஜென்ம வாசனை என்கிறார் மாமியார். டிவி பார்த்த வினை என்கிறார் வீட்டுக்காரர். எது சரி?"

வீட்டுக்காரர் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு, ஆனால் அவர் பதில் பாதிக் கேள்விக்குத்தான். கோயிலும் தெருவும் கனவுக்குள் எப்படி வந்தன என்பதற்கு டிவி போதும். அதே டிவியில் பாட்டுக்குப் பாட்டு சுவிட்சர்லாந்தும் வருகிறது. அதைக் கனவில் கண்டு "நம்ம ஊர்" என்று ஏங்கி எழுந்தவர் எத்தனை பேர்? காட்சி வேறு, காட்சியின் மேல் விழுகிற "நம்மது" என்ற முத்திரை வேறு. மூளையில் இரண்டும் வெவ்வேறு இடத்தில் தயாராகின்றன. இந்தக் கேள்வியின் ருசியே அந்த முத்திரையில்தான் இருக்கிறது.

முதலில் தூக்கக் கணக்கை வேகமாக முடித்துவிடுவோம். ஓர் இரவின் தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக நாலைந்து முறை ஓடும். ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் மூடிய இமைக்குள் கண் வேகமாக ஓடும் ஒரு கட்டம் வரும். இதை 1953-ல் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் சிகாகோவிலிருந்து அறிவித்தார்கள். இதற்கு ரெம் தூக்கம் என்று பெயர். கதையாக நீளும் கனவுகள் பெரும்பாலும் இதில்தான். முதல் சுற்றில் இது சில நிமிடமே இருக்கும். விடியும் நேரத்துச் சுற்றில் அரை மணிக்கு மேல்கூடப் போகும். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பதன் பின்னணி இவ்வளவுதான்: அந்நேரக் கனவு நீளமானது, அது முடிந்த கையோடு விழித்துவிடுகிறோம், அதனால் நினைவில் நிற்கிறது. நடுராத்திரிக் கனவு பலித்ததா இல்லையா என்று சொல்ல அதை நினைவில் வைத்திருப்பவர் யாருமில்லை.

ரெம் தூக்கத்தில் மூளையின் ரசாயனமே மாறிவிடுகிறது. அசெட்டைல்கோலின் நிறையச் சுரக்கிறது. நார்அட்ரினலினும் செரடோனினும் ஏறக்குறைய நின்றுவிடுகின்றன. மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேனை வைத்து 1996-லும் 1997-லும் வெளியான ஆய்வுகளில் உணர்ச்சிக்கான அமிக்டலா சுறுசுறுப்பாக இருந்தது. நெற்றிக்குப் பின்னால், பக்கவாட்டில் இருக்கும் முன்மூளைப் பகுதி அடங்கிக் கிடந்தது. "இங்கே எப்போது வந்தோம்? எந்த வண்டியில்?" என்று கணக்குக் கேட்கிற பகுதி அதுதான். கூலிகள் வேலை செய்துகொண்டிருக்க மேஸ்திரி மட்டும் தூங்கிப்போன நிலை.

மேஸ்திரி இல்லாத நேரத்தில் இடத்தைக் கட்டுவது யார்? காதுக்கு உட்புறமாக, மூளையின் பக்க மடலுக்குள் சுருண்டு கிடக்கும் ஹிப்போகாம்பஸ். அதில் உள்ள சில செல்கள், எலி கூண்டின் ஒரு குறிப்பிட்ட மூலைக்குப் போகும்போது மட்டும் துடிக்கின்றன என்று 1971-ல் ஜான் ஓ'கீஃப் காட்டினார். அதன் வாசலிலேயே இருக்கும் எண்டோரைனல் புறணியில் (புறணி என்பது மூளையின் மேலடுக்கு), தரையை அறுகோணக் கட்டமாக அளந்து துடிக்கும் செல்களை மோசர் தம்பதியின் குழு 2005-ல் கண்டது. மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு. எண்டோரைனல் என்ற பெயரை நினைவில் வையுங்கள், மறுபடி வரும்.

இந்த நிலப்பட எந்திரம் போய்வந்த இடத்துக்கு மட்டும் வேலை செய்வதில்லை. 2007-ல் லண்டனில் டெமிஸ் ஹசாபிஸும் எலினோர் மக்வயரும் அவர்கள் குழுவினரும், ஹிப்போகாம்பஸ் பழுதானவர்களிடம் புதுக் காட்சி ஒன்றைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். ஒரு கடற்கரை, அங்கே படுத்திருக்கிறீர்கள், என்ன தெரிகிறது? பெரும்பாலோருக்குத் துண்டு துண்டாகத்தான் வந்தது. வானம் தனி, மணல் தனி. அவை சேர்ந்து ஓர் இடமாகவில்லை. பழசை நினைப்பதற்கும் காணாததைக் கட்டுவதற்கும் ஒரே பட்டறைதான் என்று அதிலிருந்து தெரிந்தது. (அதே ஹசாபிஸ் பிறகு செயற்கை நுண்ணறிவுப் பக்கம் போய், 2024-ல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.) தூங்கும்போதும் பட்டறை திறந்தே இருக்கிறது. தலை எந்தத் திசையைப் பார்க்கிறது என்று காட்டும் செல்கள் எலி வகைகளில் உண்டு. தூங்கும் சுண்டெலியின் தலை அசையாமல் கிடக்க, ரெம் நேரத்தில் உள்ளே இந்தத் திசைமுள் திரும்புகிறது, அது திரும்பும் பக்கமே கண்ணும் ஓடுகிறது என்று 2022-ல் கலிபோர்னியாவில் சென்சாயும் ஸ்கான்சியானியும் காட்டினார்கள். மனிதனுக்கும் அப்படியே என்று அதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் அந்த வாசகி கனவில் தெருமுனை திரும்பும்போது இமைக்குள் கண்ணும் திரும்பியிருக்கும் என்று பந்தயம் கட்ட நான் தயார்.

இனி முத்திரைக்கு வருவோம்.

தினமும் மொஹிங்கா (பர்மாவின் மீன்குழம்பு நூடுல்ஸ்) வாங்கும் கடைக்காரம்மாவை ஒரு கல்யாண வீட்டில் பட்டுப் புடவையில் பார்க்கிறீர்கள். தெரிந்த முகம் என்று நெஞ்சு சொல்கிறது. யார், எங்கே என்பது வர மாட்டேன் என்கிறது. இரண்டு நிமிடம் கழித்து "அட, நம்ம மொஹிங்கா அக்கா!" என்று விளங்குகிறது. அந்த இரண்டு நிமிட இடைவெளியில்தான் நம் விஷயம் இருக்கிறது. பரிச்சயம் முதலில் வந்தது, ஞாபகம் பிறகு வந்தது. இரண்டும் வெவ்வேறு வேலைகள். விவரத்தோடு நினைவுகூர்வது ஹிப்போகாம்பஸின் பொறுப்பு. "இது தெரிந்ததுதான்" என்ற மொட்டை உணர்வு அதன் பக்கத்தில் இருக்கும் பெரிரைனல், எண்டோரைனல் புறணிகளைச் சார்ந்தது. கனடாவில் காக்காய் வலிப்புக்காக அறுவை செய்துகொண்ட ஒரு பெண்ணுக்கு, ஹிப்போகாம்பஸை விட்டுவிட்டு இந்தப் புறணியின் பெரும்பகுதியை எடுத்திருந்தார்கள். 2007-ல் வெளியான சோதனையில் அவருக்கு விவர ஞாபகம் சரியாகவே இருந்தது, பரிச்சய உணர்வுதான் பழுதாகியிருந்தது.

முத்திரையைத் தனியாகத் தட்டிப் பார்த்தவர்களும் உண்டு. பிரான்ஸில் மார்சேயில் பார்த்தொலொமேயின் குழு, வலிப்பு நோயாளிகளின் மூளைக்குள் சிகிச்சைக்காக வைத்திருந்த மின்முனைகளால் லேசாகத் தூண்டிப் பார்த்தது. எண்டோரைனல் புறணியைத் தூண்டியபோது, "இதே கணத்தை முன்பே வாழ்ந்திருக்கிறேன்" என்ற உணர்வு ஹிப்போகாம்பஸைத் தூண்டியதைவிட அதிகமாக வந்தது. 2004-ல் வெளியான முடிவு இது. அறை அதே அறை, டாக்டர் அதே டாக்டர். மின்சாரம் மட்டுமே புதிது. இடத்தைக் கட்டம் போட்டு அளக்கும் செல்களும், "ஏற்கெனவே தெரியும்" என்ற உணர்வைக் கிளப்பும் முனையும் ஒரே புறணியில் குடியிருக்கின்றன என்பதை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

மின்சாரம் இல்லாமலும் முத்திரை தவறாக விழும். அமெரிக்காவில் ஆன் கிளியரி 2012-ல் வெளியிட்ட சோதனையில், கணினி விளையாட்டு ஒன்றைக் கொண்டு இடங்களை ஜோடி ஜோடியாகக் கட்டியிருந்தார். இரண்டிலும் தளவரைவு ஒன்றே: எது எங்கே நிற்கிறது, எத்தனை தூரத்தில், எந்தப் பக்கம். மேல்பூச்சு மட்டும் அடியோடு வேறு. செடிவேலிப் பூங்காவில் வேலி நின்ற இடத்தில், இன்னொரு காட்சியில் பழைய சாமான் குவியல் நிற்கும். முதல் காட்சி நினைவுக்கே வராதபோதும், இரண்டாவதில் நுழைந்தவர்களுக்கு இங்கே வந்திருக்கிறோம் என்ற உணர்வு கூடியது. மூளை பொருட்களை மறந்துவிட்டு அவை நின்ற ஒழுங்கை மட்டும் வைத்திருந்திருக்கிறது.

இதைக் கையில் வைத்துக்கொண்டு ரங்கூனுக்கு வாருங்கள். ஷ்வேடகோன் பகோடாவுக்குப் போகிறீர்கள். நான்கு திசையிலும் நான்கு வாசல், வாசலில் காவலுக்குச் சிங்கங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கூரை போட்ட படிவழியில் ஏறினால் இருபுறமும் பூக்கடை, பூசைச் சாமான் கடை. மேலே போனதும் வழி சட்டென்று திறந்து வெயில் பளீரென்ற பெரிய தளம், வெறுங்காலில் சுடும் கல். நடுவில் பொன் வேய்ந்த கூம்பு. அதைச் சுற்றிச் சிறு சன்னதிகள், பிறந்த கிழமைக்கு ஒரு கிரக மூலை. புதன்கிழமையை முற்பகல் பிற்பகல் என்று பிரித்து ராகுவுக்கும் ஒன்று கொடுத்து, ஆக எட்டு. எல்லோரும் வலமாகத்தான் சுற்றுகிறார்கள்.

இப்போது சிங்கத்தை எடுத்துவிட்டுக் கோபுரத்தை வையுங்கள். பொன் கூம்புக்குப் பதில் பொன் விமானம், கிரக மூலைகளுக்குப் பதில் நவக்கிரகம். நான்கு வாசல், கடைகளுக்கு நடுவே நிழல் வழி, செருப்பில்லாத கால், திறந்து விரியும் பிரகாரம், வலம். மதுரை வந்துவிட்டது. கனவு எடுத்துக்கொண்ட பூச்சு டிவியிலிருந்தும் ஆச்சி சொன்ன கதையிலிருந்தும் வந்திருக்கலாம். அடியில் இருக்கும் வரைவு, வாசகி சிறுவயதிலிருந்து நூறு தடவை காலால் அளந்த பகோடாவுடையதாக இருக்கலாம். வரைவு பழகியது என்பதால் முத்திரை விழுகிறது. எதனால் விழுந்தது என்று கேட்கும் மேஸ்திரி தூக்கத்தில். இது என் ஊகம்தான், அவர் மூளையை யாரும் ஸ்கேன் செய்து பார்க்கவில்லை. ஆனால் சோதித்துப் பார்க்கக்கூடிய ஊகம்.

மாமியாரின் கட்சியையும் பார்த்துவிடுவோம். பர்மாவில் முற்பிறவி ஞாபகம் என்பது அக்கம்பக்கத்தில் சாதாரணப் பேச்சு. அதை விசாரிக்க அமெரிக்காவிலிருந்து இயன் ஸ்டீவன்சன் வந்து, குழந்தைகளின் கதைகளைச் சேகரித்தும் போனார். கதை சேர்ப்பதில் உள்ள கோளாறு, விசாரிப்பவர் வருவதற்குள் குடும்பம் பத்து தடவை பேசி முடித்திருக்கும் என்பதுதான். குழந்தை சொன்னது எது, பாட்டி ஒட்டியது எது என்று பிரிக்க வழி இருக்காது. கிளியரியும் கிளாக்ஸ்டனும் 2018-ல் வேறு விதமாகக் கேட்டார்கள். வரைவு ஒத்த காட்சிக்குள் நடத்திக்கொண்டு போய், திருப்பத்துக்கு முன்னால் நிறுத்தி, அடுத்து இடமா வலமா என்றார்கள். "இங்கே வந்திருக்கிறேன்" என்ற உணர்வு வந்தவர்களுக்கு, அடுத்து எந்தப் பக்கம் என்று தெரியும் என்ற தெம்பும் கூடவே வந்தது. பதிலோ காசு சுண்டிப் போட்ட கணக்குத்தான். முன்பே தெரியும் என்ற உணர்வு எவ்வளவு அழுத்தமாக இருந்தாலும், அது தெரியும் என்பதற்குச் சாட்சி ஆகாது.

கனவுக்குப் பலன் சொல்கிறவருக்கு நம் ஜனங்கள் தட்சணை வைக்கத் தயங்குவதில்லை. மேலே சொன்ன கிளியரியின் சோதனைக்குத் தேவைப்பட்டதோ ஒரு கணினி விளையாட்டும், தலையில் மாட்டிப் பார்க்கும் திரையும், பொறுமையான மாணவர்களும்தான். இப்படிப்பட்ட மலிவான, மருந்தாக விற்க முடியாத கேள்விகளுக்குப் பணம் ஒதுக்க நம் பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் யோசிப்பதில் எனக்கு மாளாத வருத்தம் உண்டு.

விடிந்த பிறகு மனசு ஏன் கனக்கிறது? நார்அட்ரினலின் இல்லாத நேரத்தில் நடந்தவை ஞாபகத்தில் சரியாகப் பதிவதில்லை, அதனால் கனவின் காட்சி சில நிமிடத்தில் கரைந்துவிடும். உணர்ச்சி அப்படிக் கரைவதில்லை. ஹிப்போகாம்பஸ் பழுதானவர்களுக்குச் சோகமான படத்துண்டுகளைக் காட்டிய ஆய்வு ஒன்று 2010-ல் வந்தது. படம் மறந்த பிறகும் சோகம் நின்றது. காரணம் தெரியாத துக்கம் அதிக நேரம் தங்குவதில் ஆச்சரியமில்லை.

இனி வாசகி செய்து பார்க்க வேண்டியது. தலைமாட்டில் நோட்டும் பென்சிலும் இருக்கட்டும், போன் வேண்டாம். விழித்ததும் புரளாமல், கண்ணைத் திறக்காமல் ஒரு நிமிடம் கிடந்து கனவைப் பின்னாலிருந்து முன்னால் ஓட்டுங்கள். எழுந்ததும் "நம்ம ஊர்" உணர்வுக்கு 0 முதல் 10 வரை ஓர் எண் போடுங்கள். அடுத்துத் தளவரைவு: எந்தப் பக்கமிருந்து நுழைந்தீர்கள், எத்தனை திருப்பம், படி ஏறினீர்களா இறங்கினீர்களா, வெளிச்சம் எங்கிருந்து. கதையைக் கடைசியில் எழுதுங்கள். கதை சொல்லத் தொடங்கினால் வரைவு கதைக்கேற்ப வளைந்துவிடும். மாமியாரிடம் சொல்வது நோட்டை மூடிய பிறகு. மூன்று வாரம் இப்படிச் செய்து, பழகிய இடங்களின் வரைவோடு ஒப்பிடுங்கள்: பகோடா, பள்ளிக்கூடம், பிறந்த வீடு. மதுரைப் படத்தைத் தேடிப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். பகல் குறிப்பும் ஒன்று வேண்டும். கனவில் நேற்றைய சமாசாரம் வரும், பிறகு 5 முதல் 7 நாள் முந்தையதும் தலைகாட்டும், எனவே ஒரு வாரம் பின்னோக்கிப் பாருங்கள். இரவில் மது குடித்தாலோ, மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் எடுத்தாலோ ரெம் தூக்கம் குறையும். கனவுக்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

கூடவே ஒரு திருப்பச் சோதனை. தமிழ்நாட்டுத் தெருக்களில் கேமராவோடு நடக்கும், நீங்கள் பார்த்திராத காணொளிகளில் 20 திருப்பங்களை இடமும் வலமும் சரிபாதியாக இன்னொருவர் பொறுக்கித் தரட்டும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் நிறுத்தி, இடமா வலமா என்று எழுதுங்கள். பிரகாரம் சுற்றும் காணொளி மட்டும் கூடாது, வலம் வருகிறவர் வலப்பக்கமே திரும்புவார். குருட்டு யூகத்தில் 10 சரியாக வரும். 15-ம் அதற்கு மேலும் தற்செயலாக வருவது 50 பேரில் ஒருவருக்குத்தான். 15-க்குக் கீழே வந்தால் தாளை மாமியாரிடம் காட்டுங்கள். 15-ஓ அதற்கு மேலோ வந்தால் எனக்கு எழுதுங்கள், கேமராக்காரர் திரும்புவதற்கு முன்பே எந்தப் பக்கம் ஒதுங்கி நடந்தார் என்பதிலிருந்து தொடங்குவோம்.