‘ஏன்?’ என்று மனத்தைக் கேட்டால்

ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் பெட்டர் யோஹான்சன், லார்ஸ் ஹால் குழுவினர் நடத்திய ஒரு சோதனை 2005-இல் வெளியானது. ஆய்வாளர் இரண்டு பெண்களின் புகைப்படங்களைக் கைக்கொன்றாகப் பிடித்துக் காட்டுவார். எந்த முகம் அதிகம் ஈர்க்கிறது என்று எதிரில் இருப்பவர் சுட்டிக்காட்ட வேண்டும். படங்கள் கவிழ்த்து வைக்கப்படும். தேர்ந்தெடுத்த படம் அவர் பக்கம் நகர்த்தப்படும். அதை எடுத்துப் பார்த்து, இவரை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று அவர் விளக்க வேண்டும். சில சுற்றுகளில் மட்டும் ஆய்வாளர் ஒரு கைவித்தை செய்தார். அந்தச் சுற்றுகளில் கைக்கு வந்தது, அவர் சற்று முன் வேண்டாம் என்று ஒதுக்கிய முகம்.

மாற்றப்பட்ட சுற்றுகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கண்டுபிடிக்கப்படாமலே போயின. அதைவிட என்னை உலுக்குவது, அவர்கள் தயங்காமல் சொன்ன காரணங்கள். ஒருவர் தனக்குக் காதணி பிடிக்கும் என்றார். அவர் உண்மையில் தேர்ந்தெடுத்த பெண் காதணியே அணிந்திருக்கவில்லை. ஏமாற்றப்பட்ட சுற்றுகளில் சொன்ன விளக்கங்களையும் ஏமாற்றாத சுற்றுகளில் சொன்னவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, உறுதியிலோ உணர்ச்சியிலோ விவரத்திலோ பெரிய வேறுபாடு எதுவும் தெரியவில்லை. செய்யாத தேர்வுக்கு இவ்வளவு சரளமாகக் காரணம் பிறக்கிறது என்றால், செய்த தேர்வுக்குச் சொல்லும் காரணம் மட்டும் வேறிடத்திலிருந்து வருகிறது என்று எப்படி நம்புவது?

அமெரிக்க உளவியலாளர்கள் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் டிமதி வில்சனும் 1977-இல் எழுதிய கட்டுரை இதற்கு ஒரு பதிலை முன்வைத்தது. ஒரு கடையில் நான்கு ஜோடிக் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று வந்தவர்களிடம் கேட்டார்கள். நான்கும் ஒன்றேதான். ஆனாலும் வலக்கோடியில் இருந்ததை 40 சதவீதம் பேர் தேர்ந்தெடுத்தார்கள். இடக்கோடியில் இருந்ததை 12 சதவீதம் பேர்தான். கேட்டபோது நெசவு, மென்மை என்று காரணம் சொன்னார்கள். வைத்திருந்த இடம் காரணம் என்று ஒருவரும் தாமாகச் சொல்லவில்லை. அதே கட்டுரை இன்னொன்றையும் காட்டியது. சோதனையில் கலந்துகொள்ளாத ஒருவரிடம், ‘இப்படிப்பட்ட சூழலில் ஒருவர் ஏன் இப்படி முடிவெடுப்பார்?’ என்று கேட்டால், அவருடைய ஊகமும் முடிவெடுத்தவர் சொல்லும் காரணமும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. உள்ளே பார்த்துச் சொன்னவரும் வெளியிலிருந்து ஊகித்தவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள் என்றால், முதலாமவரும் ஊகித்துத்தான் இருக்கிறார்.

இந்த ஊகம் உருவாவதை நேரில் பார்க்க முடிந்தது, மூளையின் இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் நரம்புப் பாலம் வலிப்பு நோய்க்காக வெட்டப்பட்டவர்களிடம்தான். மைக்கேல் கசானிகா குழுவினர் 1970-களில் ஒரு இளைஞரின் பேசும் இடது அரைக்கோளத்துக்குக் கோழியின் காலையும், பேசாத வலது அரைக்கோளத்துக்குப் பனி மூடிய வீட்டையும் காட்டினார்கள். பொருத்தமான படத்தை எடுக்கச் சொன்னபோது அவரது வலக்கை கோழியையும் இடக்கை மண்வாரியையும் சுட்டின. இடக்கையை இயக்கும் வலது அரைக்கோளம் பார்த்த பனியை அள்ளத்தான் மண்வாரி. ஆனால் பனியைப் பற்றி இடது அரைக்கோளத்துக்கு எதுவும் தெரியாது. ஏன் மண்வாரி என்று கேட்டதும், கோழிக்கொட்டகையைச் சுத்தம் செய்ய அது வேண்டுமே என்று உடனே பதில் வந்தது. அது பொய்யல்ல. கையில் கிடைத்த தகவலைக் கொண்டு மூளை மனதாரக் கட்டிய விளக்கம்.

சரி, காரணங்களை விடுவோம். இந்த நொடியில் நாம் அனுபவிப்பதாவது நமக்குச் சரியாகத் தெரியுமா? ஒரு சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டைப் பார்க்காமல் உருவிக்கொள்ளுங்கள். நேரே ஒரு புள்ளியை வெறித்தபடி, சீட்டைப் பக்கவாட்டில் கைநீட்டிப் பிடித்து, மெல்ல மெல்ல முன்பக்கம் கொண்டுவாருங்கள். சீட்டு அசைவது முதலிலேயே தெரியும். சிவப்பா கறுப்பா என்பது, நீங்கள் எதிர்பார்ப்பதைவிட வெகுநேரம் கழித்துத்தான் தெரியும். எண்ணைப் படிக்கச் சீட்டு ஏறக்குறைய பார்வைக்கு நேரே வந்தாக வேண்டும். காட்சியில் நாம் கூர்மையாகப் பார்க்கும் பகுதி, நீட்டிய கையின் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவே. ஆனாலும் கண்ணெதிரே விரியும் காட்சி முழுவதும் தெளிவாகவும் வண்ணமாகவும் தெரிவதாகவே நாம் வாழ்நாளெல்லாம் நம்புகிறோம்.

இத்தகைய சிக்கல்களால் உளவியல் ஒருமுறை முறிந்தே போனது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்புர்க் ஆய்வாளர்கள், எந்த மனப்படமும் இல்லாத எண்ணங்கள் உண்டு என்றார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர் டிட்ச்னர், தன் ஆய்வகத்தில் அப்படி எதுவும் தென்படவில்லை என்றார். இருதரப்பும் பயிற்சி பெற்ற அகநோக்காளர்களையே, அதாவது தம் மனத்துக்குள் நடப்பதைத் தாமே கவனித்துச் சொல்பவர்களையே, சாட்சிக்கு அழைத்தன. தீர்ப்புச் சொல்ல மூன்றாவது கருவி இல்லை. 1913-இல் அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன் அகநோக்கையே ஒதுக்கிவிட்டு நடத்தையை மட்டும் ஆராய்வோம் என்றார். அந்த ஒதுக்கல் பல பத்தாண்டுகள் நீடித்தது. அது பெரிய இழப்பு என்பது என் உறுதியான எண்ணம். குறை அகநோக்கில் இருந்த அளவுக்கு, கேட்ட கேள்வியிலும் இருந்தது.

கேள்வியை மாற்றினால் என்ன ஆகிறது? ஆய்வாளர்கள் எரிக்சனும் சைமனும் 1980-இல் காட்டியது இது: ஒரு கணக்கைத் தீர்க்கும்போதே மனத்தில் ஓடுவதை அப்படியே சொல்லச் சொன்னால் நம்பத்தக்க தரவு கிடைக்கிறது, முடிந்தபின் விளக்கம் கேட்டால் கதை கிடைக்கிறது. உளவியலாளர் ரஸ்ஸல் ஹர்ல்பர்ட் தன் ஆய்வில் கலந்துகொண்டவர்களிடம் ஒரு சிறு கருவியைக் கொடுத்து அனுப்பினார். எதிர்பாராத நேரத்தில் அது ஒலிக்கும். ஒலிக்கும் முன் மனத்தில் இருந்ததைக் குறிக்க வேண்டும். எப்போதும் சொற்களில்தான் சிந்திக்கிறேன் என்று சாதித்தவர்களில் சிலர், தங்கள் குறிப்புகளில் சொற்களே அரிதாக இருப்பதைக் கண்டு திகைத்தார்கள்.

வலியில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. ரெடெல்மையரும் கானமனும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், பெருங்குடல் உள்நோக்கிச் சோதனைக்கு வந்தவர்கள் ஒவ்வொரு நிமிடமும் தங்கள் வலியைக் குறித்தார்கள். பின்னர் மொத்தத்தில் எவ்வளவு வலித்தது என்று கேட்டபோது, பதிலைத் தீர்மானித்தவை உச்ச வலியும் கடைசி நிமிடங்களும். சோதனை எவ்வளவு நேரம் நீடித்தது என்பது பதிலில் ஏறக்குறைய இடம்பெறவே இல்லை. மனச்சோர்வை ஆராயும் பலர் இப்போது, ‘கடந்த மாதம் எப்படி இருந்தீர்கள்?’ என்ற படிவத்தை மட்டும் நம்புவதில்லை. கைபேசி வழியாக நாளில் சில முறை, ‘இந்த நிமிடம் எப்படி இருக்கிறீர்கள்?’ என்றும் கேட்கிறார்கள்.