டேப்பட் போரில் கிரைண்டர் வைக்கும் முன்

"ஹை லிஃப்ட் கேம் வாங்கிட்டேன் அண்ணா, போரை மட்டும் கொஞ்சம் தேய்ச்சுக் கொடுங்க." பெங்களூரு ஜே.சி. ரோடு பக்கம் ஹெட் (வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல்பகுதி) வேலை செய்கிற எங்களுக்கு இது பழகிப்போன கோரிக்கை. வால்வை வழக்கத்தைவிட அதிகம் திறக்கும் கேம்தான் ஹை லிஃப்ட் கேம். பெரும்பாலும் கோவை கரி ரேஸ் டிராக்கிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ ஓட்டிவிட்டு வந்த பையன்கள்தான் கேட்பார்கள். அந்த 'கொஞ்சம்' எவ்வளவு என்பதில்தான் ஹெட்டின் ஆயுள் இருக்கிறது.

கேமுக்கு நேர் கீழே, வால்வை அழுத்தும் கிண்ணம் போன்ற பக்கெட் டேப்பட் உட்காரும் எஞ்சின்களைத்தான் சொல்கிறேன். அந்தப் பக்கெட் ஏறி இறங்கும் துளைதான் போர். 8 மி.மீ. லிஃப்ட் (வால்வு திறக்கும் அளவு) இருந்த இடத்தில் 10 மி.மீ. வந்தால், பக்கெட் போருக்குள் கூடுதலாக 2 மி.மீ. இறங்கும். அப்போது கேமின் மூக்கு, அதாவது துருத்திய முனை, பக்கவாட்டில் சுழன்று வரும்போது போரின் விளிம்பில் இடிக்கும். அந்த இடத்தில் அரைவட்டமாக வெட்டி வழி விடுவதுதான் வேலை. கையில் டை கிரைண்டர் இருந்தால் சீக்கிரமே முடிந்துவிடும். ஆபத்தும் அதுதான்.

பக்கெட்டைக் கேம் நேராக மட்டும் அழுத்துவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்குவது நாம் வெட்டப்போகும் அதே பக்கத்துச் சுவர். அதிகமாக வெட்டினால் பக்கெட் சாய்ந்து ஓடும், போர் முட்டை வடிவமாகத் தேயும். ஆயில் அழுத்தத்தில் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட் என்றால் இன்னும் கவனம் வேண்டும். வெட்டு ஆயில் துளையை நெருங்கிவிட்டால், எஞ்சின் சூடானதும் டக் டக் சத்தம்தான்.

அதனால் முதலில் லேசான ஸ்பிரிங் போட்டு, விளிம்பில் நீல மை தடவி, கேமைக் கையால் சுற்றுங்கள். மை அழிந்த இடத்தில் மட்டும், சுமார் 1 மி.மீ. இடைவெளி கிடைக்கும்வரை வெட்டினால் போதும். கூர் முனைகளை மழுக்கிவிட்டு, ஹெட்டை முழுதாகக் கழுவுங்கள். ஆயில் வழியில் தங்கும் அலுமினியத் தூள் பேரிங்கைத் தின்றுவிடும்.

வெட்டித் தீராத சிக்கலும் ஒன்று உண்டு. கேம் பக்கெட்டைத் தொடும் புள்ளி நடுவிலிருந்து எவ்வளவு விலகும் என்பது லிஃப்ட் ஏறும் வேகத்தைப் பொறுத்தது. ஒரு கேம் டிகிரிக்கு 0.25 மி.மீ. ஏறும் கேமில் அது 14.3 மி.மீ. விலகும். 28 மி.மீ. பக்கெட்டின் ஆரமே 14 தானே! கேம் பக்கெட்டின் ஓரத்தில் ஏறி அதைக் கடித்துவிடும். போரை எவ்வளவு தோண்டினாலும் இது தீராது. பெரிய பக்கெட் வேண்டும், இல்லையென்றால் வேறு கேம். வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. விற்பவர்கள் லிஃப்டை மட்டும்தான் பெருமையாகச் சொல்வார்கள்.

சில பட்டறைகளில் பழைய கேமின் அடிவட்டத்தை (மூக்கு இல்லாத வட்டப் பகுதியை) தேய்த்து லிஃப்ட் கூட்டுவார்கள். மூக்கு வெளியே நீளாது, எனவே போரைத் தொட வேண்டியிருக்காது. ஆனால் இடைவெளியை அடைக்கத் தடிமனான ஷிம் (சிறு உலோகத் தகடு) தேவைப்படும், மேலே உள்ள கடினப் படலமும் போய்விடலாம்.

போர் முடிந்தது என்று ஹெட்டை மூடிவிடாதீர்கள். முழு லிஃப்டில் ஸ்பிரிங் சுருள்கள் ஒட்டக்கூடாது, 1 மி.மீ.யாவது மிஞ்ச வேண்டும். பிஸ்டன் மேல் களிமண் வைத்து, இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இன்டேக்குக்கு 2, எக்ஸாஸ்டுக்கு 2.5 மி.மீ. இல்லாமல் நான் மூடுவதில்லை.

அப்புறம், இப்படிப்பட்ட கேம்கள் பெரும்பாலும் வால்வை அதிக நேரம் திறந்தும் வைக்கும். ஐடிலில் வேக்கம் (எஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுவை) குறையும், எமிஷன் டெஸ்டில் மாட்டும். பெடலை மிதிக்க உதவும் பிரேக் பூஸ்டர் அந்த வேக்கத்தை நம்பித்தான் இருக்கிறது. சில்க் போர்டு நெரிசலில் பெடல் கல்லாக இறுகினால் பிரேக் பேடை மாற்றிப் பயனில்லை. முதலில் வேக்கம் கேஜ் மாட்டிப் பாருங்கள்.