கம்பைலரிடம் சொல்லாமல் தொட்ட ரெஜிஸ்டர்

காவேரிப்பட்டணத்தில் இருக்கும் என் அக்கா மகன் சொந்தமாக ஒரு குட்டி கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதுகிறான். கல்லூரி லேபில் இருக்கும் பழைய ஜிசிசியில் (நிரலை இயந்திர மொழியாக்கும் கம்பைலர்) கம்பைல் செய்தால் கியூஎமு என்ற மென்பொருள் கணினியில் சமர்த்தாக பூட் ஆகிறது. வீட்டு லேப்டாப்பின் புது ஜிசிசியில் அதே நிரல் திரும்பத் திரும்ப ரீபூட் ஆகிறது. "கம்பைலர்லதான் மாமா பக்" என்றான். இந்த மாதிரி வழக்குகளில் கம்பைலர் பெரும்பாலும் நிரபராதி.

சிக்கல், பேஜ் டேபிளுக்கான (நினைவக முகவரிகளை மாற்றித் தரும் அட்டவணை) 4096 பைட்டைப் பூஜ்ஜியமாக்கும் இன்லைன் அசெம்பிளியில், அதாவது சி நிரலுக்குள் நேரடியாக எழுதிய பிராசஸர் கட்டளையில் இருந்தது. அதில் ஒரே கட்டளை: 'ரெப் ஸ்டாஸ்பி'. ஆர்டிஐ, ஆர்சிஎக்ஸ் இரண்டும் ரெஜிஸ்டர்கள், பிராசஸருக்குள் இருக்கும் குட்டிச் சேமிப்பிடங்கள். ஆர்டிஐ காட்டும் முகவரியில் ஒரு பைட் எழுதும், முகவரியை ஒன்று கூட்டும், ஆர்சிஎக்ஸில் ஒன்று குறைக்கும். ஆர்சிஎக்ஸ் பூஜ்ஜியமாகும்வரை இதேதான். முடியும்போது ஆர்டிஐ 4096 பைட் தள்ளிப் போயிருக்கும்.

இது ஜிசிசிக்குத் தெரியாது. மேற்கோளுக்குள் இருக்கும் கட்டளையின் பொருளை அது ஆராய்வதே இல்லை. முக்காற்புள்ளி போட்டு நாம் தரும் பட்டியல்களைத்தான் நம்புகிறது: விடை எதில் வரும், உள்ளீடு எதில் போகும், வேறு எதெல்லாம் கெடும். இவன் முகவரியையும் எண்ணிக்கையையும் வெறும் உள்ளீடாகக் கொடுத்திருந்தான். உள்ளீட்டை மாற்றக் கூடாது என்பது ஜிசிசி ஆவணத்தில் உள்ள விதி. மாங்காய் மண்டியில் கணக்குப்பிள்ளையிடம் சொல்லாமல் கூடையை இடம் மாற்றிய கதைதான்.

அப்படியானால் லேபில் எப்படி ஓடியது? பழைய ஜிசிசி அந்த ஃபங்ஷனைத் தனியாக வைத்து அழைத்தது. ஆர்டிஐ, ஆர்சிஎக்ஸ் இரண்டையும் அழைக்கப்படும் ஃபங்ஷன் கெடுத்துவிடலாம் என்பது லினக்ஸில் புழங்கும் 64 பிட் மரபு. அதனால் அழைத்தவர் அவற்றை நம்பவில்லை. தப்பு வெளியே வரவில்லை. புது ஜிசிசி ஃபங்ஷனை அழைத்த இடத்திலேயே விரித்துவிட்டது. 'ஆர்டிஐயில் டேபிளின் முகவரி அப்படியே இருக்கிறதே' என்று டேபிளின் முதல் பதிவை அதன் வழியே எழுதியது. பதிவு போய் விழுந்தது அடுத்த பக்கத்தில்! பிராசஸரை அந்தக் காலி டேபிளுக்கு மாற்றினால் பேஜ் ஃபால்ட் (முகவரி கிடைக்காத பிழை), அதைக் கையாள முடியாமல் டபுள் ஃபால்ட், அதுவும் முடியாமல் டிரிப்பிள் ஃபால்ட், ரீசெட்.

ஆப்டிமைசேஷனை (நிரலை வேகமாக்க கம்பைலர் செய்யும் மாற்றங்களை) அணைத்தால் 'சரியாகிவிடும்'. அது நோயை மறைக்கும் வைத்தியம். ஆப்ஜ்டம்ப் என்ற கருவியில் இரண்டு பைனரிகளையும் கட்டளைகளாகப் பிரித்துப் பார்ப்பதுதான் வழி. விரித்த இடம் உடனே கண்ணில் படும்.

திருத்தம் சிறியது. இரண்டு ரெஜிஸ்டர்களுக்கும் '+' குறி போட்டால், படிக்கப்படும், மாற்றவும்படும் என்று பொருள். கூடவே 'மெமரி' என்று கெடும் பட்டியலில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் அந்த நினைவகம் மாறியது தெரியாமல், நினைவகத்தில் எழுதும் மற்ற கட்டளைகளை ஜிசிசி முன்னும் பின்னும் நகர்த்திவிடும். லினக்ஸின் 'பேரியர்' மேக்ரோ இந்த ஒரு அறிவிப்பு மட்டும்தான். உள்ளே ஒரு கட்டளைகூடக் கிடையாது.

இதில் இன்னொரு பொறி உண்டு. விடையே இல்லாத அசெம்பிளியை ஜிசிசி தானாகவே 'வாலட்டைல்' (நீக்கக் கூடாதது) ஆகக் கருதும். '+' போட்டதும் அது விடை உள்ளதாக மாறிவிடுகிறது. அந்த விடை யாருக்கும் தேவையில்லை என்று தோன்றினால் வரியையே நீக்க கம்பைலருக்கு உரிமை உண்டு. ஆகவே 'வாலட்டைல்' என்பதை இப்போது நாமே எழுத வேண்டும்.