மகரந்தப் பசை அல்ல, மகரந்தப் பிசுக்கு

மகரந்தத் துகளைப் பூச்சியின் உடம்பில் ஒட்டவைக்கும் மேற்பூச்சுக்குப் 'போலன்கிட்' என்று பெயர். ஜெர்மன் சொல். 'கிட்' என்பது சன்னல் கண்ணாடியைச் சட்டத்தில் பதிக்க அப்பும் லப்பம். தமிழில் இதைத் திரும்பத் திரும்ப 'மகரந்தப் பசை' என்றே எழுதுகிறார்கள். தவறு.

பசை என்றால் மைதாவைக் காய்ச்சிச் சுவரொட்டிக்குத் தடவுவது. நனைத்தால் இளகும், காய்ந்தால் இறுகும், இறுகினால் விடாது. போலன்கிட் அப்படியா? மகரந்தப்பையின் உட்புறத்தில் துகள்களுக்கு ஊட்டம் தரும் டபீட்டம் என்ற திசு சிதையும்போது, அதிலிருந்து வரும் கொழுப்பும் கரோட்டினாய்டு நிறமிகளும் துகள்மேல் படிகின்றன. அதுதான் போலன்கிட். நீரில் கரையாது, எளிதில் காயாது. மகரந்தம் ஒட்டினால் மட்டும் போதாதே, விடவும் வேண்டும்: பையிலிருந்து தேனீயின் கிளைத்த மயிருக்கு, மயிரிலிருந்து சூலகமுடிக்கு. இறுகும் பசையாக இருந்தால் மயிரோடு பயணம் முடிந்துவிடும். 'பிசின்' என்பதற்கும் இதே குறைதான். மரக்காயத்தில் வடிந்து கெட்டிப்படுவது பிசின்.

அடுப்புக்கு மேல் அலமாரித் தட்டைத் தடவிப் பாருங்கள். தூசியைப் பிடித்து வைத்திருக்கிறதே எண்ணெய்ப் பிசுக்கு, அதுதான் சரியான சொல். காலையில் விரிந்த பூசணி ஆண்பூவின் நடுவைத் தொட்டால் விரலில் அப்பும் மஞ்சள் வெறும் தண்ணீரில் முழுதாகப் போகாது. காற்றை நம்பியிருக்கும் மக்காச்சோளத்தின் ஆண்பூங்கொத்தை உலுக்கினால் பொடியாகப் பறக்கும். அதில் பிசுக்கு மிகக் குறைவு.

தாது என்றாலும் மகரந்தம்தான்; 'தாதுப்பிசுக்கு' இன்னும் அழகுதான். ஆனால் தாது என்றதும் இன்று இரும்புத்தாதுதான் நினைவுக்கு வருகிறது. மகரந்தம் வடமொழியில் பூந்தேனைக் குறித்த சொல் என்றாலும், மாணவருக்குப் புரிவது அதுவே, இருக்கட்டும்.

ஒட்டுவதையெல்லாம் பசை என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர்களால் வரும் கேடு இதோ: தேனீ உடம்பை வாரி, கக்கிய தேனால் ஈரமாக்கி, பின்னங்கால் கூடையில் மகரந்தத்தை உருட்டி அழுத்துகிறது. அந்த இனிப்பு நீரும் பசை, போலன்கிட்டும் பசை என்றால், கால் உருண்டைதான் அடுத்த பூவுக்குப் போகிறது என்று படிப்பவர் நினைத்துவிடுகிறார். உருண்டை கூட்டுக்குப் போகும் உணவு. சூலகமுடியில் படிவது பெரும்பாலும் மயிரில் பிசுக்கோடு உதிரியாக எஞ்சிய துகள்.

பசை என்ற சொல் ஆர்க்கிட் பூவுக்குப் பொருந்தும். ஆர்க்கிஸ் என்ற ஆர்க்கிட் பேரினத்தில் மகரந்தத் திரளின் அடியிலுள்ள ஒட்டுவில்லை பூச்சியின் தலையில் பட்டதும் சற்று நேரத்தில் இறுகிப் பிடித்துக்கொள்கிறது.